தலைமைப் பொறுப்பைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலக ஆங்கிலத்தில் தலைமை, நிர்வாகம் சார்ந்த சொற்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். புதிய சொற்களைவிட, நம் பேச்சில் ஏற்கெனவே புழங்கும் ஆங்கிலச் சொற்கள்தான் அதிகம் காலை வாரிவிடுகின்றன. அதனால் அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

லீடர், மேனேஜர், பாஸ் மூணும் ஒண்ணுதானே?

மூன்றும் ஒரே ஆளைக் குறிக்கலாம், ஆனால் சொல்லும் செய்தி வேறு. 'மேனேஜர்' ஒரு பதவி: ஆட்கள், பட்ஜெட், கெடு தேதி எல்லாம் அவர் பொறுப்பு. 'லீடர்' பதவியாக இருக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் யாருடைய பேச்சை நம்பிப் பின்னால் போகிறார்களோ அவர் லீடர். 'பாஸ்' ஓர் உறவைச் சொல்கிறது, அதாவது எனக்கு வேலை சொல்பவர். டச்சு மொழியிலிருந்து வந்த இந்தச் சொல் பேச்சில் சகஜம். அலுவலகக் கடிதத்தில் 'மை மேனேஜர்' என்று எழுதுங்கள்.

தன்னைப் பற்றி 'ஐ ஆம் எ லீடர்' என்று சொல்லிக்கொள்வது ஆங்கிலக் காதுக்குத் தற்பெருமையாகப் படும். 'ஐ லீட் எ டீம் ஆஃப் எய்ட்' என்று செய்யும் வேலையைச் சொன்னால் போதும்.

"அவர் கம்பெனியை நடத்துறார்" என்பதற்கு எந்த வினைச்சொல்? லீடா, ரன்னா, மேனேஜா?

முழு நிறுவனத்தையோ கடையையோ அன்றாடம் நடத்துவதற்கு 'ரன்'. ஒரு பிரிவின் தலைவர் என்றால் 'ஹெட்': 'ஷி ஹெட்ஸ் தி சேல்ஸ் டிவிஷன்'. கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது 'சேர்'. பலர் செய்யும் வேலையை மேலிருந்து கண்காணிப்பது 'ஓவர்சீ'. புதிய முயற்சி ஒன்றை முன்நின்று தொடங்கினால் 'ஸ்பியர்ஹெட்'. இதை வருடாந்தரக் கணக்கு முடிப்பு போன்ற வழக்கமான வேலைக்குப் போட்டால் வேடிக்கையாக இருக்கும்.

'மேனேஜ்' இரண்டு பக்கமும் வெட்டும். 'ஐ மேனேஜ் தி ப்ராஜெக்ட்' என்றால் நான் நிர்வகிக்கிறேன். 'ஐ மேனேஜ்ட் டு ஃபினிஷ் தி ப்ராஜெக்ட்' என்றால் எப்படியோ தட்டுத்தடுமாறி முடித்துவிட்டேன். தமிழில் "மேனேஜ் பண்ணிக்கலாம்" என்பது இரண்டாவது பொருள். வேலைக்கான விண்ணப்பத்தில் 'மேனேஜ்ட் டு' வந்தால் சமாளித்தவர் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'ஹேண்டில்' என்பதையும் கவனியுங்கள். புகாரை, நெருக்கடியை ஹேண்டில் செய்யலாம். 'ஐ ஹேண்டில் டென் பீப்பிள்' என்றால் அந்தப் பத்துப் பேரும் தொல்லை கொடுப்பவர்கள் போலத் தொனிக்கும்.

லீட் என்பதன் இறந்தகாலத்தை எப்படி எழுதணும்? ஒவ்வொரு தடவையும் குழப்பம்.

எல், ஈ, டி என்று மூன்றே எழுத்து, உச்சரிப்பு 'லெட்'. நிகழ்காலத்தில் மட்டும்தான் நடுவில் 'ஏ' உண்டு. 'ரீட்' என்ற வினை இரண்டு காலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலோடு இருப்பதாலும், ஈயம் என்ற உலோகத்தின் பெயர் நான்கு எழுத்தோடு எழுதப்பட்டு 'லெட்' என்று ஒலிப்பதாலும் கை தானாகத் தவறிப் போகிறது. பிழைதிருத்தும் மென்பொருளும் பெரும்பாலும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்.

"நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன்" என்பதை எப்படிச் சொல்றது?

'ஐ ரிப்போர்ட் டு தி ஃபைனான்ஸ் ஹெட்'. 'ஐ ஆம் வொர்க்கிங் அண்டர் ஹிம்' புரியும், பிழையும் இல்லை, ஆனால் இன்றைய அலுவலகங்களில் 'ரிப்போர்ட் டு'தான் வழக்கம். திருப்பிப் போட்டால் உங்களுக்கு நேரடியாகக் கீழே இருப்பவர்கள் 'டைரக்ட் ரிப்போர்ட்ஸ்': 'ஐ ஹாவ் ஃபைவ் டைரக்ட் ரிப்போர்ட்ஸ்'. ஆளைக் குறிக்கும் சொல் இது, அறிக்கையை அல்ல. 'சபார்டினேட்' என்ற சொல் அகராதிப்படி சரியானாலும் ஒருவரை முகத்துக்கு நேரே அப்படிச் சொல்வது நன்றாக இருக்காது. 'ஷி இஸ் ஆன் மை டீம்' என்பது மரியாதை.

இரண்டு மேலாளர்கள் இருந்தால்? சம்பளம், விடுப்பு, மதிப்பீடு எல்லாம் பார்ப்பவர் 'லைன் மேனேஜர்'. இன்னொருவருக்குத் தகவல் மட்டும் சொல்ல வேண்டும் என்றால் 'ஐ ஹாவ் எ டாட்டட் லைன் டு ஹர்'. நிறுவன வரைபடத்தில் அந்த உறவைப் புள்ளிக்கோடாகப் போடுவதால் வந்த பெயர்.

சி.இ.ஓ., எம்.டி., சேர்மன், பிரசிடெண்ட்: இதில் யார் பெரியவர்?

சேர்மன் இயக்குநர் குழுவுக்குத் தலைவர். சி.இ.ஓ. நிறுவனத்தை அன்றாடம் நடத்துபவர். சி.இ.ஓ.வை நியமிப்பதும் நீக்குவதும் இயக்குநர் குழுதான் என்பதால் அமைப்பு முறையில் குழு மேலே இருக்கிறது. கையில் உள்ள அதிகாரம் பெரும்பாலும் சி.இ.ஓ.விடம். பிரிட்டிஷ் வழக்கில் 'மேனேஜிங் டைரக்டர்' ஏறக்குறைய சி.இ.ஓ.வுக்கு இணை. அமெரிக்க நிறுவனங்களில் 'பிரசிடெண்ட்' சி.இ.ஓ.வாகவே இருக்கலாம், அவருக்கு அடுத்தவராகவும் இருக்கலாம்.

முதலீட்டு வங்கிகளில் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே 'வைஸ் பிரசிடெண்ட்' நடுத்தர நிலை, நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். 'மேனேஜிங் டைரக்டர்' உயர்ந்த நிலைதான், ஆனால் ஒருவர் அல்ல, பலர். 'சி-ஸ்வீட்' என்பது சி.இ.ஓ., சி.எஃப்.ஓ., சி.ஓ.ஓ. போன்ற சி எழுத்துப் பதவிகளின் கூட்டுப் பெயர். அதை 'சூட்' என்று சொல்லாதீர்கள், ஹோட்டல் அறைக்குச் சொல்லும் அதே 'ஸ்வீட்'தான்.

இலக்கணம் ஒன்று: ஒரே ஒருவர் வகிக்கும் பதவிக்கு நியமனம் என்றால் 'ஷி வாஸ் அப்பாயிண்டட் சி.இ.ஓ.' என்று 'தி' இல்லாமல் சொல்லலாம். நடுவில் 'ஆஸ்' போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

ரெஸ்பான்சிபிள், அக்கவுண்டபிள் ரெண்டும் "பொறுப்பு"தானே?

வேலையைச் செய்ய வேண்டியவர் 'ரெஸ்பான்சிபிள்'. அது நடக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் 'அக்கவுண்டபிள்'. திட்ட நிர்வாகத்தில் 'ரேசி' என்ற அட்டவணை இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: ஆர் என்பவர் வேலையைச் செய்கிறார், ஏ என்பவர் பதில் சொல்கிறார், சி என்பவரிடம் முடிவுக்கு முன் கருத்துக் கேட்கிறார்கள், ஐ என்பவருக்குத் தகவல் மட்டும் தெரிவிக்கிறார்கள். ஒரு வேலைக்கு ஆர் பலர் இருக்கலாம், ஏ ஒருவர்தான். இரண்டு ஏ போட்ட அட்டவணையில் வேலை இழுபடும். இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும், அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும் இருந்துவிடுவார்கள்.

இரண்டுக்கும் பின்னால் செயலோ பொருளோ வந்தால் 'ஃபார்', ஆள் வந்தால் 'டு': 'அக்கவுண்டபிள் ஃபார் தி பட்ஜெட்', 'அக்கவுண்டபிள் டு தி போர்டு'. 'ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் திஸ்?' என்ற கேள்வியில் குற்றம் தேடும் தொனி வரக்கூடும். சாதாரணமாகக் கேட்க 'ஹூ இஸ் இன் சார்ஜ் ஆஃப் திஸ்?' நல்லது.

மேனேஜர் என்னை "ஃபயர் பண்ணிட்டார்"னு சொன்னேன், எதிரில் இருந்தவர் "அடுத்து எங்கே சேரப் போறீங்க?"ன்னு கேட்கிறார். ஏன்?

ஏனென்றால் 'ஹி ஃபயர்ட் மீ' என்றால் வேலையிலிருந்து நீக்கிவிட்டார். திட்டினார் என்ற பொருள் நம் பேச்சில் மட்டும்தான். திட்டியதைச் சொல்ல 'ஹி டோல்ட் மீ ஆஃப்' என்பது பேச்சுவழக்கு. முறைப்படி கண்டித்தார் என்றால் 'ஹி ரெப்ரிமாண்டட் மீ'. 'ஸ்கோல்ட்' குழந்தைகளைத் திட்டுவதற்குத்தான் பெரும்பாலும் வரும்.

வேலை போவதிலும் காரணத்தைப் பொறுத்துச் சொல் மாறும். ஊழியரின் தவறு காரணம் என்றால் 'ஃபயர்ட்', பிரிட்டிஷ் பேச்சில் 'சாக்ட்', கடிதத்தில் 'டிஸ்மிஸ்ட்'. நிறுவனம் ஆள் குறைத்தது என்றால் 'லெய்ட் ஆஃப்', பிரிட்டனில் 'மேட் ரிடண்டண்ட்'. 'லெட் கோ' என்பது இரண்டையும் மூடி மறைத்துச் சொல்லும் நாசூக்கு. நேர்காணலில் 'ஐ வாஸ் லெய்ட் ஆஃப்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஃபயர்ட்' என்று சொன்னால் உங்கள் மேல் இல்லாத பழியை நீங்களே போட்டுக்கொள்கிறீர்கள்.

ஸ்டெப் டவுன், ஸ்டெப் அப், ஸ்டெப் இன்... இந்த ஸ்டெப் எல்லாம் என்ன?

'ஸ்டெப் டவுன்' பதவி விலகுவது, நிறுவனத்திலேயே தொடரவும் கூடும். 'ஸ்டெப் அப்' கூடுதல் பொறுப்பைத் தோளில் ஏற்பது. 'ஸ்டெப் இன்' சிக்கலான நேரத்தில் நடுவே வந்து கைகொடுப்பது. 'ஸ்டெப் அசைட்' இன்னொருவருக்கு வழிவிடுவது. 'ரிசைன்' எந்த விலகலுக்கும் பொது. 'ரிட்டயர்' வேலை வாழ்க்கையிலிருந்தே ஓய்வு.

'டேக் ஓவர்' தனியாகக் கவனிக்க வேண்டியது. 'ஷி டுக் ஓவர் ஃப்ரம் ஹிம்' என்றால் அவர் பதவிக்கு இவர் வந்தார். 'ஷி டுக் ஓவர் தி கம்பெனி' என்பதைக் கேட்பவர் நிறுவனத்தையே வாங்கிவிட்டார் என்று நினைக்கலாம். குழப்பம் வேண்டாம் என்றால் 'ஷி டுக் ஓவர் ஆஸ் சி.இ.ஓ.' என்று பதவியையும் சேர்த்துவிடுங்கள். முன்பு இருந்தவர் 'ப்ரெடிசெசர்', பின்பு வருபவர் 'சக்ஸெசர்', நிரந்தரமானவர் வரும்வரை பார்த்துக்கொள்பவர் 'இன்டரிம்' அல்லது 'ஆக்டிங்'.

டேக் டிசிஷனா, மேக் டிசிஷனா?

'மேக் எ டிசிஷன்' எங்கும் செல்லும். 'டேக் எ டிசிஷன்' பிரிட்டிஷ் வழக்கில் சரி, அமெரிக்கர்களுக்குப் பழக்கமில்லை. நீண்ட விவாதத்துக்குப் பின் என்றால் 'ரீச் எ டிசிஷன்'.

இதைவிடப் பெரிய பள்ளம் 'டேக் எ கால்'. முடிவெடுப்பதற்கு இதைச் சொல்வது இந்திய அலுவலகங்களில் சாதாரணம். வெளியே 'ஐ ஹாவ் டு டேக் எ கால்' என்றால் தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது என்று நினைத்து உங்களுக்கு வழிவிடுவார்கள். முடிவெடுப்பது 'மேக் தி கால்'. எடுக்கக் கடினமான முடிவு 'எ டஃப் கால்'. இதே வகையில் 'ரிவர்ட்': நமக்குப் பதில் அனுப்புவது, மற்றவர்களுக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது. 'ரிப்ளை' என்றே எழுதுங்கள்.

ஒரு தலைவரின் குணத்தைச் சொல்ல ஸ்ட்ரிக்ட், போல்டு, டைனமிக் இதெல்லாம் போதாதா?

போதாது, சில தவறான பொருளும் தரும். 'ஸ்ட்ரிக்ட்' பள்ளி ஆசிரியரையும் விதிமுறையையும் நினைவூட்டும். தரத்தில் விட்டுக்கொடுக்காத மேலாளருக்கு 'டிமாண்டிங்', சொன்னதில் நிற்பவருக்கு 'ஃபர்ம்'. 'போல்டு' முடிவுக்குப் பொருந்தும்; மனதில் பட்டதைப் பேசுபவர் 'அவுட்ஸ்போக்கன்'. தலைக்கனத்தை 'ஹெட் வெயிட்' என்று சொன்னால் யாருக்கும் புரியாது. 'ஆரகண்ட்' என்பதே சொல், பேச்சில் 'ஃபுல் ஆஃப் ஹிம்செல்ஃப்'. 'சின்சியர்' உழைப்பைக் குறிக்காது, மனதில் உள்ளதை மறைக்காமல் இருப்பதைக் குறிக்கும். கருத்தாக வேலை செய்பவர் 'கான்ஷியென்ஷஸ்' அல்லது 'டெடிகேட்டட்'. அனுசரித்துப் போகிறவர் 'அடாப்டபிள்' அல்லது 'ஈஸி டு வொர்க் வித்'.

அடுத்தது எடை. ஒரே குணத்துக்குப் பாராட்டும் சொல்லும் பழிக்கும் சொல்லும் இருக்கும். பின்வாங்காதவரைப் பிடித்திருந்தால் 'டிடர்மின்ட்', பிடிக்காவிட்டால் 'ஸ்டபர்ன்'. சட்டென்று முடிவெடுப்பவர் 'டிசைசிவ்', யோசிக்காமல் எடுத்தால் 'ஹேஸ்டி'. காரியக்காரர் என்பதில் மதிப்பு இருந்தால் 'ஷ்ரூட்', சந்தேகம் இருந்தால் 'கன்னிங்'. தன் கருத்தைத் தெளிவாகச் சொல்லி மற்றவரையும் மதிப்பவர் 'அசெர்டிவ்', மதிக்காமல் மோதுபவர் 'அக்ரெசிவ்'. விற்பனை இலக்கு 'அக்ரெசிவ்' ஆக இருக்கலாம், அது குறை அல்ல.

மிக அதிகமாகக் குழம்பும் ஜோடி 'அத்தாரிட்டேட்டிவ்', 'அத்தாரிட்டேரியன்'. முதலாவது துறை அறிவால் மதிப்புப் பெற்றவர்; இரண்டாவது அதிகாரத்தால் அடக்குபவர். பாராட்டுரையில் மாற்றிச் சொல்லிவிட்டால் மேடையில் அவமதித்ததுபோல் ஆகிவிடும். 'பாஸி' என்பதையும் தவிர்த்துவிடுங்கள். அது சிறுபிள்ளைத்தனமான குறை; ஆண் செய்தால் கண்டுகொள்ளாத செயலைப் பெண் செய்தால் குறை சொல்லத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது.

விஷன், மிஷன், ஸ்ட்ராட்டஜி, கோல், டார்கெட்: எல்லாமே இலக்குதானே?

தொலைவில் தொடங்கிப் பக்கத்துக்கு வாருங்கள். 'விஷன்': ஒருநாள் எப்படி ஆக விரும்புகிறோம். 'மிஷன்': இன்று யாருக்காக என்ன செய்கிறோம். 'ஸ்ட்ராட்டஜி': அங்கே போகத் தேர்ந்தெடுத்த வழி, எதைச் செய்யப் போவதில்லை என்பதும் இதில் அடங்கும். 'கோல்' பொதுவான நோக்கம். 'டார்கெட்' எண்ணும் தேதியும் உள்ளது. எண் இல்லாத ஒன்றை 'டார்கெட்' என்று சொன்னால் "எவ்வளவு?" என்ற கேள்வி உடனே வரும்.

நல்ல இலக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் 'ஸ்மார்ட்' என்ற சுருக்கெழுத்தை 1981-இல் ஜார்ஜ் டோரன் முன்வைத்தார். அதில் எம் என்பது அளக்கக்கூடியது, டி என்பது காலக்கெடு உள்ளது. வினைகளையும் சேர்த்தே மனதில் வையுங்கள்: டார்கெட்டை 'செட்' செய்கிறோம், 'மீட்' அல்லது 'ஹிட்' செய்கிறோம், தவறினால் 'மிஸ்' செய்கிறோம். டார்கெட்டை 'ரீச்' செய்யலாம், 'ரீச் டு' செய்ய முடியாது.

டிஸ்கஸ் அபௌட் தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன் தப்புன்னு யாரும் சொல்றதில்லை.

'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்கு 'அபௌட்' வரும், 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு வராது. 'எ டிஸ்கஷன் அபௌட் தி பட்ஜெட்' சரி. அதே பழக்கத்தில் வினைக்கும் ஒட்டிவிடுகிறோம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பல பிழைகள் ஒன்றாகத் தீரும். 'எம்ஃபசிஸ் ஆன் க்வாலிட்டி', ஆனால் 'எம்ஃபசைஸ் க்வாலிட்டி'. பெயராக 'எ ரிக்வெஸ்ட் ஃபார் ஃபண்ட்ஸ்', வினையாக 'ரிக்வெஸ்ட் ஃபண்ட்ஸ்'. 'அப்ரோச்', 'கான்டாக்ட்', 'மென்ஷன்', 'அட்ரஸ்' ஆகியவையும் அப்படித்தான்.

'லீட்' வினைக்கு ஆளோ குழுவோ நேரே வரும்: 'லீட் தி டீம்'. 'டு' சேர்த்தால் விளைவைச் சொல்லும்: 'பேட் ப்ளானிங் லெட் டு டிலேஸ்'. எதிர்ப்பக்கத்தில், நாம் விட்டுவிடும் இடங்கள்: 'எக்ஸ்ப்ளெயின் டு மீ', 'கம்ப்ளை வித் தி ரூல்'. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' மூன்றுக்கும் 'தேன்' வராது, 'டு' வரும்.

"அவர்தான் முடிவெடுத்தார்" என்பதை "ஹி ஒன்லி டிசைடட்"னு சொன்னால்?

அவர் முடிவு மட்டுமே எடுத்தார், வேறெதுவும் செய்யவில்லை என்று பொருள் திரும்பிவிடும். தமிழின் 'தான்' செய்யும் வேலையை ஆங்கிலப் பேச்சில் குரல் அழுத்தம் செய்கிறது: 'ஹி' என்பதை அழுத்திச் சொன்னாலே போதும். எழுத்தில் 'இட் வாஸ் தி சி.இ.ஓ. ஹூ மேட் தி டிசிஷன்' அல்லது 'தி டிசிஷன் வாஸ் ஹிஸ்'.

2015-இலிருந்து அவர்தான் தலைவர். காலத்தை எப்படிப் போடணும்?

'ஷி ஹாஸ் லெட் தி கம்பெனி சின்ஸ் 2015.' 'ஷி இஸ் லீடிங் சின்ஸ் 2015' பிழை. முடிந்துபோன பதவிக்காலம் என்றால் 'ஷி லெட் தி கம்பெனி ஃப்ரம் 2015 டு 2020'. விலகிவிட்ட ஒருவருக்கு 'ஹாஸ் லெட்' போட்டால் இன்னும் பதவியில் இருப்பதாகத் தெரியும். கெடு தேதியிலும் கவனம் தேவை: வெள்ளிக்கிழமைக்குள் என்றால் 'பை ஃப்ரைடே', வெள்ளிக்கிழமை வரை தொடரும் என்றால் 'அன்டில் ஃப்ரைடே'.

டெலிகேட் என்றால் வேலையைத் தள்ளிவிடுவதா?

வேலையோடு முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தால் 'டெலிகேட்'. வேலையை மட்டும் கொடுப்பது 'அசைன்'. வேண்டாத வேலையை ஒருவர் தலையில் கட்டுவது 'டம்ப் ஆன்'. ஒருவரிடம் கொடுப்பதற்கு 'டு' வேண்டும்: 'ஐ டெலிகேட்டட் தி ஹைரிங் டு ஹர்'. நம்பி ஒப்படைப்பதற்கு 'என்ட்ரஸ்ட் ஹர் வித் தி ஹைரிங்'. டெலிகேட் செய்தாலும் மேலே சொன்ன 'அக்கவுண்டபிள்' உங்களிடமே இருக்கும்.

கொடுத்த பிறகும் ஒவ்வொரு வரியையும் சரிபார்ப்பவர் 'மைக்ரோமேனேஜர்'. இது எப்போதும் குறைதான். தானும் இறங்கி வேலை செய்பவர் 'ஹேண்ட்ஸ்-ஆன்', பெரும்பாலும் பாராட்டு. தள்ளி நின்று விட்டுவிடுபவர் 'ஹேண்ட்ஸ்-ஆஃப்', அது பாராட்டா குறையா என்பதைச் சூழல்தான் சொல்லும்.

உச்சரிப்பில் எதையெல்லாம் தப்பாச் சொல்றோம்?

'எக்ஸிக்யூட்' முதல் அசையில் அழுத்தம். 'எக்ஸிக்யூட்டிவ்' என்று வந்தால் இரண்டாம் அசைக்கு மாறி 'இக்-ஸெக்-யுடிவ்'. 'ஸ்ட்ராட்டஜி' முதல் அசை, 'ஸ்ட்ரடீஜிக்' நடு அசை. 'பெர்சனல்' முதல் அசையில் அழுந்தினால் சொந்த விஷயம், கடைசி அசையில் அழுந்தி 'பெர்சனெல்' என்றால் ஊழியர்கள். 'ஹையரார்கி'யில் சி-எச் எழுத்துகள் க ஒலி. 'ஆன்ட்ரப்ரனர்' கடைசி அசையில் அழுத்தம், தொடக்கம் 'என்ட்ர' அல்ல.

'டெலிகேட்' வினையாக வந்தால் கடைசி அசை 'கெய்ட்', பிரதிநிதி என்ற பெயராக வந்தால் 'கட்'. 'சபார்டினேட்', 'கிராஜுவேட்', 'எஸ்டிமேட்' எல்லாம் இதே விதி.

ஸ்டாஃப்ஸ், அட்வைசஸ், ஃபீட்பேக்ஸ்: பன்மை போடலாமா?

கூடாது. 'ஸ்டாஃப்' ஏற்கெனவே கூட்டம். ஒருவர் என்றால் 'எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்'. மற்ற இரண்டுக்கும் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'சம் ஃபீட்பேக்'.

தலைமைப் பாணிகளைச் சொல்லும் ஆட்டோக்ராட்டிக், டெமாக்ராட்டிக் எல்லாம் எங்கிருந்து வந்தன?

1939-இல் வெளியான ஆய்வில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் மூவரும் சிறுவர் குழுக்களை வெவ்வேறு தலைமையின் கீழ் விட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து மூன்று பாணிகள் நிலைத்தன: தானே எல்லாம் முடிவுசெய்யும் 'ஆட்டோக்ராட்டிக்', கலந்து முடிவுசெய்யும் 'டெமாக்ராட்டிக்', விட்டுவிடும் 'லெஸே ஃபேர்'. கடைசிச் சொல் பிரெஞ்சு. எழுத்தைப் பார்த்து உச்சரித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

ராபர்ட் கிரீன்லீஃப் 1970-இல் 'சர்வன்ட் லீடர்' என்ற கருத்தை எழுதினார்: குழுவின் தேவையை முதலில் பார்ப்பவர். ஜேம்ஸ் மக்ரெகர் பர்ன்ஸ் 1978-இல் கொடுக்கல் வாங்கலாக நடத்தும் 'ட்ரான்சாக்ஷனல்' தலைமையையும், பின்பற்றுபவரையே மாற்றும் தலைமையையும் பிரித்தார். பின்னதற்கு 'ட்ரான்ஸ்ஃபர்மேஷனல்' என்ற பெயர் பெர்னார்ட் பாஸின் 1985 நூலுக்குப் பின் பரவலானது. நேர்காணலில் இவற்றைச் சொன்னால் அடுத்த வாக்கியம் ஓர் எடுத்துக்காட்டாக இருக்க வேண்டும். வெறும் பெயர் எடுபடாது.

இடியம் எதைப் பயன்படுத்தலாம்? தப்பான இடத்தில் போட்டுவிடுவோமோன்னு பயம்.

நான்கைந்து போதும். உண்மையில் முடிவெடுப்பவர் யார் என்பதற்கு 'கால் தி ஷாட்ஸ்'. சொல்வதைத் தானும் செய்து காட்டுவது 'லீட் பை எக்ஸாம்பிள்'. மற்றவர்களின் மனமார்ந்த ஒப்புதல் 'பை-இன்': 'வி நீட் பை-இன் ஃப்ரம் தி சேல்ஸ் டீம்'. நீங்கள் இல்லாதபோது பார்த்துக்கொள்வது 'ஹோல்ட் தி ஃபோர்ட்'. திறமையானவருக்கு அடுத்து வருபவரின் நிலை 'பிக் ஷூஸ் டு ஃபில்'.

'தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்' என்ற பலகையை அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் மேசையில் வைத்திருந்தார்: கடைசிப் பொறுப்பு என்னுடையது என்று பொருள். சீட்டாட்டத்தில் சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் அடையாளப் பொருள்தான் 'பக்' என்று விளக்கம் சொல்கிறார்கள். 'பாஸ் தி பக்' பழியை அடுத்தவர் மேல் போடுவது. இரண்டிலும் 'பக்' டாலர் அல்ல.

பேண்ட்விட்த், சினர்ஜி, லெவரேஜ்னு பேசினால்தான் மதிப்பாங்களா?

கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும். 'ஐ டோன்ட் ஹாவ் தி பேண்ட்விட்த்' என்றால் நேரம் இல்லை. 'லெவரேஜ்' என்றால் பயன்படுத்துவது, 'சினர்ஜி' என்றால் சேர்ந்து செய்வதால் கிடைக்கும் கூடுதல் பலன். 'லெட்ஸ் சர்க்கிள் பேக்' என்றால் பிறகு பேசுவோம், பல நேரம் பேசப் போவதில்லை. நீங்கள் சொல்லும்போது 'டைம்', 'யூஸ்' என்றே சொல்லுங்கள்.

பிரிட்டிஷ், அமெரிக்க வித்தியாசத்தில் உண்மையிலேயே ஆபத்தானது எது?

'டேபிள்'. பிரிட்டனில் 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்றால் இப்போதே விவாதத்துக்கு எடுப்போம், அமெரிக்காவில் ஒத்திவைப்போம். நேர் எதிர்! இரு தரப்பும் இருக்கும் கூட்டத்தில் அந்தச் சொல்லையே தொடாதீர்கள். 'டிஸ்கஸ் நவ்' அல்லது 'போஸ்ட்போன்' என்று சொல்லுங்கள். 'க்வைட் குட்' இன்னொன்று. அமெரிக்கர் சொன்னால் நன்றாகவே இருக்கிறது, பிரிட்டிஷ்காரர் சொன்னால் பரவாயில்லை ரகம். கூட்டத்தை முன்னதாக வைக்க 'ப்ரீபோன்' வேண்டாம், 'ப்ரிங் ஃபார்வர்ட்' பிரிட்டிஷ், 'மூவ் அப்' அமெரிக்க வழக்கு.

நேர்காணலில் "டெல் மீ அபௌட் எ டைம் யூ லெட் எ டீம்"னு கேட்டால் எந்தச் சொற்களில் பதில் சொல்றது?

நான்கு கட்டம்: சூழல், உங்கள் பணி, நீங்கள் செய்தது, விளைவு. சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும், செய்ததற்குத்தான் நேரம். 'ஐ வாஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார்' என்று தொடங்கினால் பொறுப்பு மட்டும் தெரியும், செயல் தெரியாது. 'ஐ செட் எ வீக்லி டார்கெட்', 'ஐ டெலிகேட்டட் தி டெஸ்டிங் டு டூ இன்ஜினியர்ஸ்', 'ஐ காட் பை-இன் ஃப்ரம் ஃபைனான்ஸ்' என்று இறந்தகால வினைகளாக அடுக்குங்கள்.

அடக்கத்தால் எல்லாவற்றுக்கும் 'வி' போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கேட்பவருக்கு உங்கள் பங்கு எது என்று தெரியாமல் போகும். முடிவும் செயலும் உங்களுடையது என்றால் 'ஐ', விளைவு குழுவினுடையது என்றால் 'வி': 'ஐ ரீஆர்கனைஸ்ட் தி ஷிஃப்ட்ஸ் அண்ட் வி டெலிவர்ட் ஆன் டைம்'.

சேர்மன் பெண்ணாக இருந்தால் என்ன சொல்லணும்? மேன்பவர்னு சொல்லலாமா?

அவர் தன் பதவியை எப்படி எழுதுகிறாரோ அப்படியே. தெரியாவிட்டால் 'சேர்' அல்லது 'சேர்பெர்சன்'. 'மேன்பவர்' இடத்தில் 'ஸ்டாஃப்' அல்லது 'வொர்க்ஃபோர்ஸ்'. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்கு 'தே' ஒருமையாகவே வரும்: 'தி நியூ சி.இ.ஓ. வில் சூஸ் தேர் ஓன் டீம்'. வேலையிடத்தில் வளர்ந்த பெண்களை 'கேர்ள்ஸ்' என்று சொல்வது எத்தனை அன்பாகச் சொன்னாலும் எடுபடாது.

கீழே இருப்பவர்களிடம் வேலை சொல்லும்போது ப்ளீஸ் போட்டால் போதாதா?

கட்டளை வடிவத்தில் 'ப்ளீஸ் சென்ட் தி ரிப்போர்ட்' என்றாலும் அது கட்டளைதான். 'குட் யூ சென்ட் தி ரிப்போர்ட் பை ஃப்ரைடே?' என்று கேள்வியாக்கினால் மென்மை வரும், கெடுவும் தெளிவாக இருக்கும். 'ஐ வான்ட் யூ டு' கடுமை. 'ஐ'ட் லைக் யூ டு' பரவாயில்லை. ஆனால் அளவுக்கு மீறி மென்மையாக்கி 'யூ மைட் வான்ட் டு லுக் அட் இட்' என்றால், விருப்பமிருந்தால் பார் என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். கட்டாயமான வேலைக்கு அந்த வடிவம் வேண்டாம்.

மேலதிகாரி சொல்வது தப்புன்னு தெரியுது. ஆங்கிலத்தில் எப்படி மறுப்பது? "வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்" சொல்லலாமா?

பெயரில்தான் மரியாதை. பிரிட்டிஷ் காதில் அது, நீங்கள் சொல்வது சுத்தத் தவறு என்று அறிவிக்கும் மணி. 'யூ ஆர் ராங்' எங்கும் ஆகாது. 'ஐ ஹாவ் எ கன்சர்ன் அபௌட் தி டைம்லைன்' என்று ஆளை விட்டுவிட்டு விஷயத்தைத் தொடுங்கள். அடுத்து ஒரு கேள்வி: 'வாட் ஹேப்பன்ஸ் இஃப் தி பார்ட்ஸ் அரைவ் லேட்?' அவரே ஓட்டையைப் பார்த்துவிட்டால் நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டிய அவசியமில்லை.

அவர் கேட்டும் மாறவில்லை, முடிவு அவருடையது என்றால் 'ஐ ஸ்டில் ஹாவ் ரிசர்வேஷன்ஸ், பட் ஐ வில் சப்போர்ட் தி டிசிஷன்'. இங்கே 'ரிசர்வேஷன்ஸ்' இருக்கை முன்பதிவு அல்ல, மனத்தயக்கம். இந்தப் பொருளில் பெரும்பாலும் பன்மையில்தான் சொல்வார்கள். கூட்டம் முடிந்ததும் இதையே இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பிவைத்தால், பின்னால் யார் என்ன சொன்னார் என்ற சர்ச்சை வராது.